அரசணுக்கர்: டட்லி போன்றவர்களைக் குறிக்க ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

ஐரோப்பிய அரசவைகளில் மன்னரின் தனி அன்பைப் பெற்று மேலே வந்தவரைக் குறிக்கத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று இங்கே பேசிவருகிறோம். அதில் 'அரசப் பிரியர்' என்பதற்கே இதுவரை ஆதரவு அதிகம். எனக்கு அதில் உடன்பாடில்லை. இனிப்புப் பிரியர் என்றால் இனிப்பை விரும்புகிறவர். அதே கணக்கில் அரசப் பிரியர் அரசரை விரும்புகிறவர் ஆகிவிடுவார்; நமக்கு வேண்டியது அதற்கு நேர்மாறு. 'செல்லப்பிள்ளை'யில் கேலி கலந்திருக்கிறது. 'அரசணுக்கர்', சுருக்கமாக 'அணுக்கர்' என்று வைக்கலாம் என்பது என் கருத்து.

இங்கிலாந்தின் ராபர்ட் டட்லியை எடுத்துக்கொள்வோம். தாத்தா 1510-இலும் தந்தை 1553-இலும் ராஜதுரோகக் குற்றத்துக்காகத் தலை வெட்டப்பட்டவர்கள். அவரே லண்டன் கோபுரத்தில் மரண தண்டனைக் கைதியாக இருந்தவர். 1558 நவம்பரில் முதலாம் எலிசபெத் அரசியானதும் அவருக்குக் கிடைத்தது குதிரைலாயத் தலைவர் வேலை. காதுக்குச் சின்ன வேலைதான். ஆனால் அரசி குதிரை ஏறும்போது கைகொடுப்பவர் அவர், வேட்டைக்குக் கூடப் போகிறவர் அவர், முடிசூட்டு விழா ஊர்வலத்தில் அரசிக்கு அடுத்தபடி பின்னால் வந்தவரும் அவர். 1560-இல் அவர் மனைவி ஏமி மாடிப்படியின் அடியில் இறந்து கிடந்தார். ஊரே அவரைச் சந்தேகித்தது. அரசியை மணக்கும் வாய்ப்பு அதோடு மங்கியது, ஆனாலும் அந்த நெருக்கம் போகவில்லை. 1562 அக்டோபரில் பெரியம்மையில் உயிருக்குப் போராடிய எலிசபெத், டட்லியை நாட்டின் காப்பாளராக்கி ஆண்டுக்கு 20,000 பவுன் தரச் சொன்னார். அந்த மாதமே அவருக்கு ஆலோசனைச் சபையில் இடம் கிடைத்தது. 1563-இல் கெனில்வொர்த் கோட்டை, 1564-இல் லெஸ்டர் ஏர்ல் பட்டம்.

இந்த வரிசையைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். முதலில் அருகில் நிற்கும் உரிமை, அப்புறம்தான் அதிகாரமும் நிலமும் பட்டமும். அதனால் நம் சொல் 'அணுகு' என்ற வினையிலிருந்து வருவதே பொருத்தம்.

சொல்லும் புதிதல்ல. முதலாம் இராசேந்திரன் காலத்துத் திருவாரூர்க் கல்வெட்டில் 'அணுக்கியார் பரவை நங்கையார்' வருகிறார். அங்கே அது மன்னனின் காதலியைக் குறிப்பதால் இங்கே தவறான பொருள் தராதா என்று கேட்கலாம். 'அணுக்கத் தொண்டர்' என்பதில் காதல் இல்லையே. அணுக்கம் என்றால் நெருக்கம், அவ்வளவுதான். எந்த வகை நெருக்கம் என்பதை இடம் சொல்லிவிடும்.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. ஸ்பெயினில் மூன்றாம் பிலிப்பின் அணுக்கரான லெர்மா கோமகன் 1598 முதல் 1618 வரை நாட்டையே நடத்தினார். தன் கட்டளைபோலவே அவர் கட்டளையையும் ஏற்க வேண்டும் என்று 1612-இல் மன்னரே சபைகளுக்கு உத்தரவிட்டார். எலிசபெத் அந்த அளவுக்கு விடவில்லை. நிர்வாகம் அமைச்சர் வில்லியம் செசிலிடம் இருந்தது. எனவே லெர்மா வகைக்கு 'அணுக்க அமைச்சர்' என்று தனியே வைக்கலாம்.

வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: 'அரசியின் அணுக்கரான டட்லி 1578-இல் ரகசியமாக மறுமணம் செய்து அவரது சினத்துக்கு ஆளானார்.' எனக்குச் சரியாகவே ஒலிக்கிறது. இடறினால் எங்கே இடறுகிறது என்று எழுதுங்கள்.