பிடித்ததை வாசிக்கட்டும் என்று விட்டால் போதுமா?

பொங்கோல் அம்மா:
ஜேம்ஸ் பேட்டர்சன் தெரியும்தானே? விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். 1976இல் வந்த முதல் நாவலுக்கே, துப்பறியும் கதைகளுக்குத் தரும் எட்கர் விருது. இன்று உலகில் அதிகம் விற்கும் எழுத்தாளர்களில் ஒருவர். ஆனால் அவர் மகனுக்கு வாசிப்பே பிடிக்காதாம். பையனுக்கு எட்டு வயதானபோது, "இந்தக் கோடை விடுமுறையில் வீட்டு வேலை வேண்டாம், தினமும் வாசித்தால் போதும்" என்று சொல்லி, அவனுக்குப் பிடிப்பதாகத் தேடித்தேடிக் கொடுத்திருக்கிறார். பையன் வாசகன் ஆகிவிட்டான். பேட்டர்சன் பிள்ளைகளுக்காகவும் நிறைய எழுதுகிறார். 2014இல் அமெரிக்காவின் சிறு புத்தகக் கடைகளுக்கு 1 மில்லியன் டாலர் கொடுத்தார். இங்கே சிங்கப்பூரில் ஜூன் பள்ளி விடுமுறையில் நாமும் இதைச் செய்யலாமே? காமிக்ஸ் என்றாலும் சரி.

தேக்கா வாசகன்:
எனக்கு உடன்பாடில்லை அக்கா. அவர் கதைச்சுருக்கம் எழுதிக் கொடுக்க, இன்னொருவர் எழுதி முடிக்கும் புத்தகங்களும் நிறைய. விற்பனை வேறு, வாசிப்பு வேறு. என் மகள் தொடக்கநிலை 5. பிடித்ததைப் படி என்று விட்டோம். மூன்று வருடமாக ஒரே காமிக்ஸ் தொடர்தான். கட்டுரை எழுதச் சொன்னால் நாலு வரியில் நிற்கிறாள். அதைவிட, பிடித்ததை எடு என்றால் எந்தப் பிள்ளை தமிழை எடுக்கிறது?

கதைசொல்லி:
தமிழைப் பற்றிச் சொன்னீர்கள் பாருங்கள், சிக்கலே அங்கேதான். நூலகத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ்க் கதை வாசிக்கும் தொண்டூழியர் நான். போன மாதம் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் வரிக்கு அடியில் விரலை வைத்து நகர்த்தியபடி வாசித்தான். 'ஞாயிற்றுக்கிழமை' வந்ததும் விரல் நின்றுவிட்டது. மூன்று முறை முயன்றான். நான் சொன்னதும், "ஓ, சண்டேவா!" என்றான். அந்தப் பக்கத்தை அதற்குப் பிறகு அவன் திருப்பவில்லை, புத்தகத்தையே மூடிவிட்டான்.

அவனால் வாசிக்க முடிகிற தமிழ்ப் புத்தகம் நாலு வயதுப் பிள்ளைக்கான கதை. அவன் வயதுக்கேற்ற கதையோ, அவனுக்கு எட்டாத தமிழில் இருக்கிறது. ஆங்கிலத்தில் இந்த இடைவெளியை நிரப்பத்தான் பேட்டர்சன் போன்றவர்கள் குட்டிக் குட்டி அத்தியாயங்களாக எழுதுகிறார்கள். அதை மட்டம் என்று தள்ளாதீர்கள். நம் பையனுக்கு அப்படி இருபது புத்தகமாவது வேண்டும். அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே பந்து விளையாடுகிற, அங்காடிக்கடையில் சாப்பிடுகிற பிள்ளைகளின் கதைகள், எளிய தமிழில்.

தேக்கா வாசகன்:
புத்தகம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வரும்வரை காத்திருக்க முடியாதே. கொஞ்சம் கண்டிப்பு வேண்டும் என்றே இன்னும் நினைக்கிறேன்.

பொங்கோல் அம்மா:
பேட்டர்சனும் 'தினமும்' என்பதில் கண்டிப்பாகத்தான் இருந்தார் தம்பி, எதை வாசிப்பது என்பதில்தான் விட்டுக்கொடுத்தார். நான் இரவில் இருபது நிமிடம் தமிழில் வாசித்துக் காட்டப் போகிறேன். கடினமான சொல்லை நானே சொல்லிவிடுவேன். கதைசொல்லி, எட்டு வயதுப் பெண்ணுக்கு எதில் தொடங்கலாம்? அவளுக்குப் பூனை என்றால் உயிர்.