ஸ்டேஷன் பலகையிலிருந்து சிதறல் வரைபு: வகுப்பறை அனுபவங்கள்

ஹட்டன் பக்கம், கணித ஆசிரியர்

உயர்தர வணிகப் புள்ளிவிபரவியலில் இணைபு, அதாவது இரண்டு அளவுகள் எவ்வளவு தூரம் ஒரு நேர்கோட்டில் சேர்ந்து மாறுகின்றன என்ற பாடம், வந்ததும் பிள்ளைகள் சூத்திரத்தை நன்றாகவே மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். இணைபுக் குணகம் −0.9 என்று விடையும் எடுப்பார்கள். அந்த எண் என்ன சொல்கிறது என்று கேட்டால்தான் வகுப்பே தலையைக் குனிந்துகொள்ளும். அதனால் கல்குலேட்டரை எடுக்கவிடாமல் முதலில் இரண்டு அச்சுகள் வரைந்து சிதறல் வரைபாகப் புள்ளிகளைக் குறிக்கச் சொல்கிறேன்.

நம்முடைய ரயில் பாதையில் பல ஸ்டேஷன்களில் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று பலகையிலேயே எழுதியிருக்கும். கிடை அச்சில் உயரம், நிலைக்குத்து அச்சில் அந்த ஊரின் சராசரி வெப்பநிலை. கொழும்பு கடல் மட்டத்தில், 27 பாகையைத் தாண்டும். கண்டி ஏறத்தாழ 500 மீற்றர், 24 பாகை அளவில். பண்டாரவளை 1200 மீற்றருக்குக் கொஞ்சம் மேலே, 20. நுவரெலியா 1900 மீற்றருக்குக் கிட்ட, 16. புள்ளிகள் இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்குவதைக் கையால் குறிக்கும்போதே, ஒன்று கூட மற்றது குறைகிற மறை இணைபு என்றால் என்னவென்று பிடிபட்டுவிடுகிறது. 1000 மீற்றருக்கு 6 பாகை போலக் குறைகிறது என்பதையும் அவர்களே படத்திலிருந்து வாசித்துவிடுகிறார்கள்.

அடுத்ததாக, கொழும்பிலிருந்து ரயில் தூரத்தையும் உயரத்தையும் குறிக்கச் சொன்னேன். பட்டிப்பொலைக்குப் பக்கத்தில் 6226 அடி என்று பலகை நிற்கும் உச்சி வரை புள்ளிகள் ஏறும். அப்புறம் ஹப்புத்தளை, எல்ல, பதுளை என்று இறங்கிவிடும். ஒரு மாணவி அடிமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு, “சேர், கோடு எந்தப் பக்கமும் சரிவரவில்லையே” என்றாள். அதுதான் விஷயம். உச்சி வரை இரண்டும் சேர்ந்தே கூடுகிற நேர் இணைபு, அதற்குப் பிறகு மறை இணைபு. இரண்டையும் கலந்து ஒரே குணகம் எடுத்தால் அது எந்தப் பக்கத்துக்கும் பொருந்தாது. படம் வரையாமல் எண்ணை மட்டும் நம்பக்கூடாது என்பதற்கு அன்ஸ்கொம் என்ற புள்ளிவிபரவியலாளர் 1973 இல் பதினொரு பதினொரு புள்ளிகளாக நான்கு தொகுதிகளைக் காட்டினார். நான்கிலும் குணகம் 0.816 அளவில்தான் வரும். வரைந்து பார்த்தால் ஒன்றைப் போல மற்றொன்று இருக்காது. அந்த நான்கு படங்களையும் ஒவ்வொரு வகுப்பிலும் பலகையில் வரைந்து காட்ட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பொகவந்தலாவை, தோட்டப் பாடசாலை ஆசிரியை

எங்கள் பிள்ளைகள் அம்மாமாரிடம் கேட்டு ஒரு பட்டியல் கொண்டுவந்தார்கள். அன்றன்று மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகையில்) நிறுவையான தேயிலைக் கொழுந்து எத்தனை கிலோ, மலையில் எத்தனை அட்டை கடித்தது. வரைந்தால் நல்ல நேர் இணைபு! அட்டை கூடின நாட்களில் கொழுந்தும் கூடியிருக்கிறது. “அப்படியென்றால் அட்டையை வளர்க்கலாமா?” என்று கேட்டதும் கடைசி வாங்கில் இருந்த பையன் எழும்பி, “இல்ல டீச்சர், மழை பெய்தால்தான் ரெண்டும் வரும்” என்றான். பாட்டி காலத்திலிருந்து அந்த வீட்டில் தெரிந்த விஷயம் அது. இரண்டுக்கும் பின்னால் மூன்றாவதாக ஒன்று நிற்கலாம் என்பதை அவனைவிடத் தெளிவாக என்னால் சொல்லியிருக்க முடியாது. அந்தப் பட்டியலைத் தந்த அம்மாமார் காலில் உப்பும் சவர்க்காரமும் தேய்த்துக்கொண்டு மலைக்குப் போகிறவர்கள். அந்த எண்களை மரியாதையோடு வைத்திருக்கிறேன்.

ஹப்புத்தளை, உயர்தர மாணவி

சேர், உயரத்தை ஒரு தடவை அடியிலும் ஒரு தடவை மீற்றரிலும் வைத்து வெப்பநிலைப் படத்தை வரைந்தேன். இரண்டிலும் அச்சில் ஒரே இடைவெளி விட்டதால் ஒரு கோடு அதிகம் சரிந்தும் மற்றது படுத்தும் தெரிந்தது. குணகம் மாறவே இல்லை. கோடு எவ்வளவு சரிவு என்பது வேறு, புள்ளிகள் கோட்டை எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்பது வேறு என்று அப்போதுதான் புரிந்தது.

ஹட்டன் பக்கம், கணித ஆசிரியர்

மிகச் சரி மகள், சோதனையில் அதிகம் பேர் குழம்புகிற இடம் அது. பதுளைப் பக்கத்து ஆசிரியர்கள் யாராவது மாத மழை அளவைப் பகிர்ந்தால் எங்கள் மழையோடு சேர்த்து இன்னொரு படம் வரையலாம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று எங்களை நனைக்கும்போது அங்கே கச்சான் என்ற வறண்ட காற்று அடித்துக் காயும். டிசெம்பர், ஜனவரியில் மழை உங்கள் பக்கம். அப்படியானால் மறை இணைபு என்றுதான் பிள்ளைகள் ஊகிப்பார்கள். ஆனால் ஒக்டோபர், நவம்பரில் இரண்டு பக்கமும் பெய்கிறதே, அந்தப் புள்ளிகள் எங்கே போய் விழும் என்று முதலில் கேட்டுவிட்டு வரையச் சொல்லுங்கள்.