தேசியத் தொழில் கூட்டமைப்பில் சேர்ந்தால் பேட்டை லேத் பட்டறைக்கு என்ன கிடைக்கும்?

பேட்டை பட்டறை (கேள்வி)

வணக்கம் அண்ணாச்சிமாரே. பேட்டை, பாளையங்கோட்டை பக்கம் லேத், ஃபேப்ரிகேஷன், ரைஸ் மில் உதிரிப்பாகம் செய்யுத 26 யூனிட் சேர்ந்த சங்கம் எங்களோடது. ஒண்ணு ரெண்டு சிறுதொழில், மத்ததெல்லாம் குறுந்தொழில். அகில இந்தியத் தொழில் கூட்டமைப்பு ஒண்ணுல இணைப்புச் சங்கமாச் சேரலாமான்னு பேச்சு நடக்கு. நாட்டோட பொருளாதார வளர்ச்சியில எங்களுக்குப் பெரிய பங்கு உண்டுன்னு சொல்லுதாங்க. அந்தப் பங்கு பேட்டை வரைக்கும் எப்படி வந்து சேரும்னுதான் கேக்கேன்.

எங்க பிரச்சினை: பில் பணம் நாலு, அஞ்சு மாசம் இழுக்கு. கரண்ட் நிலைக்கட்டணம் தாங்கல. இரும்புச் சாமானுக்கு வருத தரக்கட்டுப்பாட்டு ஆணை (தரச் சான்று இல்லாம விக்கக் கூடாதுங்க உத்தரவு). கங்கைகொண்டான் சிப்காட்டுல இருக்க பெரிய ஆலைகளுக்கு வெண்டரா நுழைய முடியல. அதோட, லேத் மணிக்கூலியைச் சங்கமே ஒரே ரேட்டா அறிவிக்கலாமான்னும் சிலர் கேக்காங்க. இதுல எதுக்குத் தேசிய அமைப்பு உதவும், எதுக்கு உதவாது?

குறுக்குத்துறை

சேருததுக்கு முன்னால ஒரு விஷயத்தை மட்டும் பாருங்க அண்ணாச்சி. உங்க பிரச்சினையில அந்தக் கூட்டமைப்போட உறுப்பினர் எல்லாரும் ஒரே பக்கம் நிக்காங்களா? நின்னா அது பலமான ஆயுதம். ரெண்டா பிரிஞ்சு நின்னா அவங்க எழுதுத மனு மொண்ணையாத்தான் இருக்கும்.

உங்க தொழில்லயே உதாரணம் இருக்கு. ரைஸ் மில் மெஷின் எச்.எஸ்.என். (வரிக்காகப் பொருளை வகைப்படுத்துத எண்) 8437ல வரும். 2022 ஜூலை 18 வரைக்கும் ஜிஎஸ்டி 5 சதம், அன்னைக்கே 18 ஆச்சு. காரணம் தலைகீழ் வரி: வாங்குத இரும்புக்கு 18, விக்குத மெஷினுக்கு 5. மெஷின் செய்யுதவருக்கு உள்ளீட்டு வரி தேங்கி நின்னுச்சு, ரீஃபண்டுக்கு அலையணும். அவருக்கு இந்த மாற்றம் நிம்மதி. ஆனா அம்பாசமுத்திரத்துல மில் வச்சிருக்கவர் வரியில்லாத அரிசியை மூட்டையா விக்காரு. மெஷினுக்குக் கட்டுன 18 சதத்தை அவரால கழிக்கவே முடியாது, அப்படியே அடக்க விலையில ஏறிரும். இந்த ரெண்டு பேரும் ஒரே கூட்டமைப்புல இருந்தா அது யாருக்காகப் பேசும்? யார் கணக்கோட முதல்ல போறாங்களோ அவங்களுக்காக.

தேசிய அமைப்போட பொருளாதார வேலைன்னு நான் பாக்கது இதுதான்: சிதறிக் கிடக்க ஆயிரம் பட்டறையோட தொந்தரவை, அமைச்சகம் எடுத்து வாசிக்கக்கூடிய ஒரே தாளா ஆக்குதது. இது சின்ன வேலை கிடையாது. 1906ல வ.உ.சி. தூத்துக்குடியில சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பிச்சபோது, கட்டணத்தைக் குறைச்சே அதை நசுக்கப் பார்த்தது பிரிட்டிஷ் கம்பெனி. அன்னைக்கு அவருக்காக அரசுகிட்டப் பேச, இந்திய வியாபாரிகளுக்குன்னு ஒரு அகில இந்தியக் கூட்டமைப்பு கிடையாது. ஃபிக்கி வந்தது 1927ல. இன்னைக்கு சி.ஐ.ஐ.ன்னு நாம சொல்லுத அமைப்போட வேர் 1895ல இருக்கு, ஆனா அது கல்கத்தா பொறியியல், இரும்பு வியாபாரத்துக்காக உண்டான சங்கம்.

கரண்ட் விஷயத்தைத் தேசிய அமைப்புக்கிட்டக் கொண்டு போகாதீங்க. கட்டணம் வைக்கது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். கட்டண மனு வரும்போது எழுத்துல ஆட்சேபம் கேப்பாங்க, பொது விசாரணையும் நடக்கும். அங்க பேச வேண்டியது மாநிலச் சிறுதொழில் சங்கம். அதுக்கு முன்னால 26 யூனிட்டோட கரண்ட் அட்டையையும் எடுத்துப் பாருங்க. நிலைக்கட்டணம் அனுமதிச்ச மின்பளுவுக்குத்தான். 60 கிலோவாட் வாங்கிட்டு 40தான் ஓட்டுதீங்கன்னா, பளுவை 50க்குக் கீழ இறக்குனா கட்டணத் தட்டே மாறும். இதுக்கு எந்தச் சங்கமும் வேண்டாம், ஒரு விண்ணப்பம் போதும்.

தரக்கட்டுப்பாட்டு ஆணைக்கு மட்டும் தேசிய அமைப்பு கண்டிப்பா வேணும். இந்தியத் தர அமைவனத்தோட துறைக் குழுக்கள்ல தொழில் அமைப்புகளுக்கு இடம் உண்டு. வரைவுத் தரத்தைப் பொதுக் கருத்துக்கு விடுவாங்க, வழக்கமா 60 நாள். "சிறு பட்டறைக்குக் கஷ்டம்"னு பொதுவா எழுதி அனுப்புனா பக்கத்துல வச்சிருவாங்க. எந்தப் பிரிவு எண், என்ன மாத்தணும், மாத்துன வாசகம் எது, தொழில்நுட்பக் காரணம் என்ன, இந்த நாலும் பத்தி பத்தியா இருக்கணும். பல ஆணைகள்ல சிறுதொழிலுக்கு 3 மாசம், குறுந்தொழிலுக்கு 6 மாசம் கூடுதல் அவகாசம் இருக்கும். உத்யம் சான்றிதழ்ல (குறு, சிறு, நடுத்தரத் தொழிலுக்கான ஒன்றிய அரசுப் பதிவு) வகை தப்பா இருந்தா அந்த அவகாசம் கை நழுவிரும்.

பாளை ஆடிட்டர்

பணப் பாக்கி பற்றி. குறுக்குத்துறை அண்ணாச்சி சொன்ன உள் முரண் இங்கேதான் அதிகம்: அதே கூட்டமைப்பில் வாங்குபவரும் இருப்பார், விற்பவரும் இருப்பார். ஆனால் சட்டம் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது.

2006ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் சரக்கை ஏற்ற நாளிலிருந்து 15 நாள், ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாள். அதைத் தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டி. வங்கி விகிதம் 5.5 என்றால் உங்களுக்கு 16.5 சதம். இந்தப் பாதுகாப்பு குறு, சிறு தொழிலுக்கு மட்டும்தான். நடுத்தரத் தொழிலுக்குக் கிடையாது. வாங்கி விற்கும் வியாபாரிக்கு உத்யம் பதிவு இருந்தாலும் கிடையாது. பணப் பாக்கிக்கான அரசு இணையதளத்தில் விண்ணப்பத்தை யூனிட்டே போட வேண்டும்.

விண்ணப்பம் எங்கே அடிபடுகிறது என்றால், சரக்கு ஏற்றதற்கான ஆதாரத்தில். பில் இருக்கும், டெலிவரி சலானில் வாங்கியவரின் முத்திரையும் தேதியும் இருக்காது. எதிர்த்தரப்பு "சரக்கு தரமில்லை" என்று அப்போதுதான் வாய் திறக்கும். தரக்குறையை 15 நாளுக்குள் எழுத்தில் சொல்லாவிட்டால் ஏற்றதாகவே கருதப்படும் என்று சட்டம் சொல்கிறது. அந்த 15 நாளை நீங்கள் நிரூபிக்கத் தேதி வேண்டும். இன்னொன்று, உத்யம் பதிவு சப்ளைக்கு முன்பே இருக்க வேண்டும். பாக்கி விழுந்த பிறகு பதிந்தால் பழைய பில்லுக்குச் செல்லாமல் போகலாம். தீர்ப்பு வந்தபின் வாங்கியவர் நீதிமன்றம் போனால் தொகையில் 75 சதம் கட்டிவிட்டுத்தான் போக முடியும்.

வருமான வரியில் 43பி(எச்) பிரிவு வழியாக 2023-24 கணக்காண்டிலிருந்து ஒரு விதி வந்தது. கெடுவுக்குள் தராத தொகையை, உண்மையில் தந்த ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். இதனால் மார்ச் மாதத்தில் பணம் நகர்கிறது. கூடவே ஒரு தீங்கும் வருகிறது: சில வாங்குபவர்கள் உத்யம் இல்லாதவரிடம் ஆர்டரைத் திருப்புகிறார்கள். தேசிய அமைப்பு அழுத்தம் கொடுக்க வேண்டிய இடம் இது. ₹250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள் டிரெட்ஸ் தளத்தில் (சிறுதொழில் பில்லுக்கு முன்கூட்டியே பணம் தரும் இணையதளம்) பதிந்தே ஆக வேண்டும். பதிவது கட்டாயம், உங்கள் பில்லை அங்கே ஏற்பது கட்டாயமில்லை. அந்த இடைவெளியை அடைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

மணிக்கூலியை ஒரே ரேட்டாக அறிவிப்பது கூடவே கூடாது. போட்டிச் சட்டம் 2002, பிரிவு 3(3)படி விலையைச் சேர்ந்து நிர்ணயிப்பது கார்ட்டெல். சங்கம் வழியாகச் செய்தாலும் அதேதான். 2012ல் சிமென்ட் நிறுவனங்களோடு அவற்றின் சங்கத்துக்கும் சேர்த்துத்தான் போட்டி ஆணையம் அபராதம் விதித்தது. மொத்தம் ₹6,000 கோடிக்கு மேல். அதற்குப் பதிலாக ஒரு செலவுக் கணக்குத் தாள் தயாரித்துக் கொடுங்கள்: மெஷின் தேய்மானம், யூனிட்டுக்குக் கரண்ட், டூல் பிட், ஆள் கூலி, வாடகை, சும்மா நிற்கும் நேரம். எண்ணை அவரவர் நிரப்பட்டும். அடக்கத்துக்குக் கீழே கூலி கேட்பது அதிலேயே பாதி குறையும்.

சந்தா பற்றி ஒரு வரி: சங்கத்தின் மொத்த வரவு ஆண்டுக்கு ₹20 லட்சம் தாண்டினால் உறுப்பினர் சந்தாவுக்கும் 18 சதம் ஜிஎஸ்டி வரலாம்.

பேட்டை பட்டறை

ரொம்ப நன்றி அண்ணாச்சி. தீப்பெட்டிக்காரங்க லைட்டர் இறக்குமதியை நிறுத்த வச்சாங்களே, அது எப்படி? எங்களுக்கும் மலிவு இறக்குமதி உதிரிப்பாகம் தொந்தரவுதான்.

எட்டயபுரம் ரோடு

கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி சங்கங்க ஒரே குரல்ல கேட்டதுதான் முதல் காரணம். மத்த வரிப் பிரச்சினையில கைத்தீப்பெட்டிக்கும் மெஷின் தீப்பெட்டிக்கும் ஒத்துப்போகாது. லைட்டர்ல மட்டும் ரெண்டுக்கும் ஒரே அடி. ஒரு லைட்டர் இருபது தீப்பெட்டியோட இடத்தைப் பிடிக்குன்னு யாருக்கும் புரியுத ஒரே கணக்கை எல்லா இடத்துலயும் வச்சாங்க. 2022 செப்டம்பர்ல முதலமைச்சர் ஒன்றிய அரசுக்குக் கடிதம் எழுதினார். 2023 ஜூன்ல ₹20க்குக் குறைஞ்ச மதிப்புள்ள லைட்டர் இறக்குமதிக்குத் தடை வந்தது.

அதோட முடியல. தடை முழு லைட்டருக்குத்தான். பாகமா கொண்டு வந்து இங்க சேர்த்து விக்க வழி இருந்துச்சு. மறுபடியும் மனு, மறுபடியும் அலைச்சல். 2024 அக்டோபர்ல பாகத்துக்கும் தடை. நீங்க மனு எழுதும்போது பாகத்தோட எச்.எஸ்.என். எண்ணையும் முதல்லயே சேர்த்துருங்க.

பொருள் குவிப்பு வரி (அடிமாட்டு விலை இறக்குமதி மேல போடுத கூடுதல் வரி) கேக்கலாம்னு யாராவது சொன்னா, கணக்கைப் பாருங்க. மனுவை ஆதரிக்கவங்க உற்பத்தி, நாட்டு மொத்த உற்பத்தியில 25 சதமாவது இருக்கணும். கருத்துச் சொன்னவங்க உற்பத்தியில பாதிக்கு மேலயும் இருக்கணும். பேட்டையால தனியா முடியாது. லூதியானா, ராஜ்கோட், கோவை எல்லாம் சேரணும். தேசிய அமைப்பு இல்லாம அது நடக்கவே நடக்காது. விசாரணையில ஒவ்வொரு பட்டறைகிட்டயும் அடக்க விலைக் கணக்கு கேப்பாங்க. ரொக்கத்துல ஓடுத பட்டறைகிட்ட அது இருக்காது, மனு அங்கேயே படுத்துரும்.

பட்ஜெட்டுக்கு முந்தின மனுவை நிதி அமைச்சகம் அக்டோபர், நவம்பர் வாக்குல கேக்கும். தேசிய அமைப்பு அதுக்கு முன்னாலயே தொகுக்க ஆரம்பிச்சிரும். அதனால உங்க தாள் ஆகஸ்ட்லயே போகணும். எட்டு இலக்க எச்.எஸ்.என். எண், இப்போதைய வரி, கேக்குத வரி, உற்பத்தி அளவு, விலை, அரசுக்கு வருவாய் எவ்வளவு கூடும், குறையும், எத்தனை பேருக்கு வேலை. ஒரு பக்கம் தாண்ட வேண்டாம்.

கங்கைகொண்டான் டெஸ்பாட்ச்

வெண்டர் விஷயத்துல பெரிய நிறுவனம் உள்ள இருக்கதே நல்லது. வாங்குதவரும் விக்குதவரும் ஒரே கூட்டமைப்புல இருக்கது பணப் பாக்கிக்குத் தடைன்னா, ஆர்டருக்கு அதுதான் வாசல். வாங்குவோர்-விற்போர் சந்திப்புக்கு அந்த அமைப்பு கூப்பிட்டா கொள்முதல் அதிகாரியே நேர்ல வருவாரு.

ஆனா வெறும் விசிட்டிங் கார்டோட போகாதீங்க. சோலார் பேனல் ஆலைக்குப் பட்டறையிலிருந்து போகக்கூடியது டிராலி, ரேக், ஜிக், ஃபிக்சர் (வேலைத்துண்டைப் பிடிச்சு வைக்க சாமான்), மெஷினுக்குப் பாதுகாப்புத் தடுப்பு. மாதிரி ஒண்ணு செஞ்சு, வரைபடத்துல இருக்க ஒவ்வொரு அளவுக்கும் எடுத்த அளவை எழுதுன ஆய்வுத் தாள் வையுங்க. இரும்புக்கு ஹீட் நம்பரோட (உருக்குன தொகுதியோட எண்) மில் டெஸ்ட் சான்றிதழ், வெர்னியர், மைக்ரோமீட்டருக்கு நாள் கடக்காத அளவுத்திருத்தச் சான்றிதழ். 26 பேரும் தனித்தனியாப் போறதைவிட, கட்டிங் ஒருத்தர், பெண்டிங் ஒருத்தர், பவுடர் கோட்டிங் ஒருத்தர்னு பிரிச்சுக்கிட்டு ஒரு யூனிட் பேர்ல கொட்டேஷன் கொடுங்க. ஜெட் (ZED, குறையில்லா உற்பத்திக்கான அரசுத் தரச் சான்று) வெண்கலச் சான்றிதழும் எடுத்து வையுங்க: கட்டணம் ₹10,000, அதுல குறுந்தொழிலுக்கு 80 சதம் மானியம், பெண்கள் நடத்துத யூனிட்டுக்கு முழுசும் இலவசம்.

பெரும்பாலும் திருப்பி அனுப்புதது பெயிண்ட் கனத்துலயும் வெல்டிங் தெறிப்புலயும்தான். கோட்டிங் கன மீட்டர் ஒண்ணு சங்கத்துக்குப் பொதுவா வாங்கிப் போடுங்க, சந்தாப் பணத்துல அதுதான் முதல் செலவா இருக்கட்டும்.