1992 எம்எக்ஸ்-5: எந்த புஷ்ஷை முதலில் மாற்றுவது?

கேள்வி: 1992 மாஸ்டா எம்எக்ஸ்-5 கார். கியர் லீவர் கூழுக்குள் கரண்டி விட்ட மாதிரி ஆடுகிறது. பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் 'டொக்'. எந்த புஷ்ஷில் (அசையும் இணைப்புகளுக்கு நடுவே இருக்கும் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் உறை) ஆரம்பிக்கலாம்?

பதில் 1: லீவரில். அதன் அடி நுனியில் உள்ள சின்ன பிளாஸ்டிக் புஷ் தேய்ந்திருக்கும். கீழ் ரப்பர் உறை கிழிந்திருந்தால் அதையும் மாற்றி, லீவர் உட்காரும் குழிக்குள் புது கியர் ஆயில் ஊற்றுங்கள். ஒரு மதிய வேலைதான். மாற்றிய அன்று சும்மாவே ஊரைச் சுற்றி வந்தேன், அவ்வளவு சந்தோஷம்!

பதில் 2: 'டொக்'குக்கு ஸ்டெபிலைசர் லிங்க்கையும் (வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியை சஸ்பென்ஷனோடு இணைக்கும் சின்னத் தண்டு) ஆட்டிப் பாருங்கள். ஆர்ம் புஷ் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கையின் மூட்டில் உள்ள ரப்பர் புஷ்) என்றால், வண்டி ஜாக்கில் தொங்கும்போது போல்ட்டை இறுக்காதீர்கள். வண்டி எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே கடைசி முறுக்கு. புஷ்ஷின் ரப்பர் உள்ளே இருக்கும் இரும்பு ஸ்லீவோடு (குழாயோடு) ஒட்டியது. தொங்கவிட்டு இறுக்கினால் எப்போதும் முறுகியே நின்று சீக்கிரம் கிழியும். ஒரு செட் எனக்கு அப்படித்தான் போனது. பிறகு அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களைச் சரிசெய்வது) கட்டாயம்.

கேட்டவர்: லீவர் புஷ் ஆர்டர் போட்டாச்சு. நன்றி அண்ணா.