வோஷிங் மெஷின் திருத்தும் தம்பிக்குக் குறைந்த செலவில் விளம்பரம்: வழி சொல்லுங்கோ

அண்ணாமார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம்.

என் தம்பி மட்டக்களப்பு ஆரையம்பதியில் வீட்டோடு வைத்து பிரிட்ஜ், வோஷிங் மெஷின் திருத்துகிறான். கூப்பிட்டால் வீட்டுக்கும் வருவான். கைவேலை சுத்தம். கடற்கரைப் பக்க வீடுகளில் உப்புக்காற்றுக்கு மெஷினின் அடித்தகடு துருப்பிடித்து உதிரும். அதையும் சுரண்டி பெயின்ட் அடித்துத்தான் கொடுப்பான். ஆனால் காத்தான்குடிக்கு அங்கால் அவனை யாருக்கும் தெரியாது.

விளம்பரத்துக்கு மாதம் 5000 ரூபாய்க்கு மேல் ஒதுக்க முடியாது. கூகுள் மேப்பில் இலவசமாகப் பதிந்துவிட்டோம். கடை இல்லாததால் முகவரியை மறைத்து, வேலைக்குப் போகும் ஊர்களை மட்டும் போட்டோம். திருத்திய மெஷினில் நம்பரோடு ஸ்டிக்கர் ஒட்டுகிறான், அது நல்ல வேலை. நோட்டீஸில் எனக்கு நம்பிக்கை இல்லை. பஸ் ஸ்டாண்டில் கொடுத்தால் அங்கேயே கீழே கிடக்கும்.

பேஸ்புக்கில் காசு கட்டி பூஸ்ட் செய்தவர்கள் இருக்கிறீர்களா? கல்லடி முதல் களுவாஞ்சிகுடி வரை மட்டும் காட்டும்படி வைத்தால் கோல் வருமா, வெறும் லைக்தானா? ஆட்டோவின் பின்பக்கம் விளம்பரம் ஒட்ட மாதம் எவ்வளவு கேட்பார்கள்? அப்புறம், மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயில் திருவிழா நேரம் பேனர் கட்ட யாரிடம் அனுமதி எடுப்பது? செய்து பார்த்தவர்கள் கட்டாயம் எழுதுங்கோ.