அப்பாவின் கட்டி ரிப்போர்ட்: ஸ்லைடை மறுபடி பார்க்க எங்கே அனுப்பலாம்?

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்குப் பெருங்குடலின் வலப்பக்கத்தில் கட்டி. கொலோனோஸ்கோபியில் எடுத்த பயாப்ஸியில் அடினோகார்சினோமா (பெருங்குடலில் வழக்கமாக வரும் புற்றுநோய் வகை) என்று மட்டும்தான் வந்தது. ஆபரேஷனுக்கு அப்புறம் முழுக் கட்டியையும் பார்த்ததில் நியூரோஎண்டோகிரைன் (ஹார்மோன் சுரக்கும் செல் வகையில் வரும்) புற்றுநோயும் கலந்திருக்கிறதாம். சின்னத் துணுக்கில் ஒரு வகை தப்பிவிடுவது உண்டு என்றார் டாக்டர்.

இப்படிக் கலந்த கட்டியை மினென் (MiNEN) என்று சொல்ல, இரண்டு வகையும் தலா 30 சதவீதமாவது இருக்க வேண்டும். ரிப்போர்ட்டில் சினாப்டோஃபைசின் (நியூரோஎண்டோகிரைன் செல்லைக் காட்டும் குறி) பாசிட்டிவ், கே.ஐ-67 (செல்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்பதைக் காட்டுவது) அளவு 75 சதவீதம் என்று இருக்கிறது. ஆனால் எந்த வகை எவ்வளவு என்ற வரியே இல்லை. கீமோ மருந்து முடிவாகும் நேரத்தில் இது தெரியாமல் மனசு அடித்துக்கொள்கிறது.

பாரஃபின் பிளாக்கை (கட்டியின் துணுக்கை மெழுகில் பதித்து வைத்தது; இதிலிருந்துதான் ஸ்லைடு எடுப்பார்கள்) மும்பை டாடா மெமோரியலுக்கோ வேலூர் சிஎம்சிக்கோ அனுப்பி மறுபடி பார்க்க வைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அப்பாவும் நேரில் வர வேண்டுமா, பிளாக்கை மட்டும் நான் கொண்டுபோனால் போதுமா? முடிவு வர எத்தனை நாள் ஆகும்? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.