யூபிஎஸ் செத்த நாளில் நெட் வரும்

கல்லடிக்காரன்:

இலங்கையின் 2022 மின்வெட்டுக் காலத்துக் கதை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அந்த நாட்கள். கல்லடியில் அண்ணனுக்கு ஒரு கொம்யூனிகேஷன் கடை. அங்கே லினக்ஸ் போட்ட ஒரு பழைய டெஸ்க்டொப். கரண்ட் போனதும் யூபிஎஸ் கத்தத் தொடங்கும், நான் மெஷினைத் தூங்க வைத்துவிடுவேன் (சஸ்பெண்ட்: ரேம் என்ற தற்காலிக நினைவகத்துக்கு மட்டும் கரண்ட் போகும்). ஆஃப் செய்தால் சனம் பாதி நிரப்பிய விண்ணப்பமெல்லாம் போய்விடும்.

கரண்ட் வந்து எழுப்பினால் திரை வரும், மவுஸ் ஓடும், நெட் மட்டும் வராது. கேபிளை மாற்றினேன், ரூட்டரைத் திட்டினேன். ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். ஒரு நாள் அண்ணன் சொன்னார்: "தம்பி, யூபிஎஸ் முழுக்க இறங்கின நாளில நெட் வருது. இறங்காத நாளிலதான் வருதில்ல."

சிரித்துவிட்டேன். இரவு படுத்த பிறகுதான் உறைத்தது. யூபிஎஸ் இறங்கினால் ரேமில் இருந்ததெல்லாம் போய், மெஷின் முதலிலிருந்து பூட் ஆகும். நெட்வேர்க் கார்டை இயக்கும் டிரைவர் என்ற புரோகிராம், கார்டைப் புதிதாகத் தயார் செய்யும். யூபிஎஸ் தாங்கினால் டிரைவரின் ரெஸ்யூம் வேலை, அதாவது கார்டைத் தூக்கத்திலிருந்து எழுப்பும் வேலை மட்டும்தான் நடக்கும். அப்படியானால் கோளாறு அங்கேதான். டிரைவரைக் கழற்றி மறுபடி ஏற்றிப் பார்த்தேன், நெட் வந்தது. கார்டு பழுதில்லை, கேபிள் பழுதில்லை. ரூட்டரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதுதான்.

லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலில் பிஎம் டெஸ்ட் என்று ஒரு வசதி உண்டு. உண்மையாகத் தூங்காமல், குறிப்பிட்ட படிவரை போய் ஐந்து நொடி நின்று திரும்பிவிடும். ஃப்ரீசர், டிவைசஸ், பிளாட்ஃபோர்ம், புரோசசர்ஸ், கோர் என்று ஐந்து படி. எல்லாப் படியிலும் நெட் ஒழுங்காகத் திரும்பியது! உண்மைத் தூக்கத்தில் மட்டும் கேர்னல் பதிவில் 'டிரான்ஸ்மிட் கியூ டைம் அவுட்' (அனுப்பும் வரிசை நகரவில்லை) என்று விழுந்தது. இந்த இடத்தில் இரண்டு நாள் சுற்றினேன். பிறகுதான் வித்தியாசம் பிடிபட்டது. பொய்த் தூக்கத்தில் கார்டுக்கு மின்சாரம் நிற்பதில்லை. உண்மைத் தூக்கத்தில் நிற்கிறது, அதோடு கார்டின் உள் ரெஜிஸ்டர்களில் (அமைப்புகளை வைத்திருக்கும் சின்ன நினைவிடங்கள்) இருந்ததெல்லாம் அழிந்துபோகிறது.

கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பொது அமைப்புகள் உள்ள பிசிஐ கொன்ஃபிக் பகுதியைக் கேர்னலே சேமித்து மீட்டுக் கொடுத்துவிடும். கார்டின் சொந்த ரெஜிஸ்டர்கள் டிரைவரின் பொறுப்பு. பாக்கெட் வரிசை (கியூ), அதாவது நெட்டில் போக வர வேண்டிய தரவுத் துண்டுகளின் வரிசை, ரேமில் எந்த முகவரியில் இருக்கிறது என்பதைக் கார்டுக்கு மறுபடி சொல்ல வேண்டும். நான் போட்டிருந்தது கேர்னலோடு வந்த டிரைவர் அல்ல, எங்கோ இருந்து இறக்கிக் கம்பைல் செய்த ஒன்று. அதன் ரெஸ்யூம் ஃபங்ஷனில் கியூவைத் திறந்துவிடும் வரி இருந்தது, அந்த முகவரியை எழுதும் வரி இல்லை. விலாசம் தெரியாத தபால்காரனிடம் மூட்டையைக் கொடுத்த கதைதான். கார்டைத் தொடக்கத்தில் தயார் செய்யும் அதே ஃபங்ஷனை, கியூவைத் திறப்பதற்கு முன்னால் ரெஸ்யூமிலும் அழைத்தேன். நெட் வந்தது. அண்ணனிடம் சொன்னேன், "அதத்தானே நான் அப்பவே சொன்னன்" என்றார்.

சாய்ந்தமருது பொடியன்:

கல்லடிக்காரன் நானா, எனக்கு நேர் எதிர் பிரச்சினை, மெஷின் தூங்கவே மாட்டாது. மூடினால் பத்து நொடியில் தானே எழும்பும். நடுச்சாமத்தில் ஃபேன் சத்தம் கேட்டு உம்மா பயந்துவிட்டார். கார்டின் அமைப்பைக் காட்டும் ஈத்டூல் கட்டளையில் பார்த்தால் வேக் ஓன் லேன் (நெட் வழியாக மெஷினை எழுப்பும் வசதி) 'யூ', 'பீ', 'ஜீ' மூன்றும் ஓனில் இருந்தது. 'பீ' என்றால் புரோட்காஸ்ட், எல்லாருக்குமாக அனுப்பும் பாக்கெட் வந்தாலும் எழும்பும். வீட்டில் நாலு ஃபோன் ரூட்டரோடு பேசிக்கொண்டிருக்கும்போது எங்கே தூங்குவது? 'ஜீ' மட்டும், அதாவது எழுப்புவதற்கென்றே அனுப்பும் மேஜிக் பாக்கெட் மட்டும் என்று வைத்தேன். அதோடு சரி.

வந்தாறுமூலைப் பக்கம்:

கல்லடிக்காரன் அண்ணா, உங்கள் டிரைவரில் இன்ரரப்ட் ஹாண்ட்லரையும் (கார்டு 'வேலை இருக்கிறது' என்று மணி அடித்தால் ஓடும் ஃபங்ஷன்) ஒருக்கால் பாருங்கள். என் புரொஜெக்டில் பட்டது. இன்ரரப்ட் லைனை யூஎஸ்பி கொன்ட்ரோலரோடு பங்குபோட்டிருந்தது கார்டு. கார்டு இன்னும் எழும்பவில்லை, யூஎஸ்பி மணி அடித்தது, என் ஹாண்ட்லர் ஓடிப்போய், என்ன வேலை வந்திருக்கிறது என்று காட்டும் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரை வாசித்தது. தூங்குகிற கார்டை வாசித்தால் எல்லா பிட்டும் 1 ஆகத்தான் வரும். எல்லா வேலையும் ஒரேயடியாக வந்துவிட்டது என்று நினைத்து ஹாண்ட்லர் வளையத்துக்குள் போனது, திரும்பவில்லை. மெஷின் முழுக்க உறைந்தது. எழும்பும்போது கொன்சோலும் (கேர்னல் செய்திகளைக் காட்டும் திரை) இன்னும் தூங்கிக்கொண்டிருப்பதால் ஒரு எழுத்தும் தெரியாது. நோ கொன்சோல் சஸ்பெண்ட் என்ற பூட் ஒப்ஷனைப் போட்ட பிறகுதான் ஏதாவது கண்ணில் பட்டது. எல்லா பிட்டும் 1 என்றால் 'இது என்னுடையதல்ல' என்று திரும்பிவிடுகிற ஒரு வரி, அவ்வளவுதான் மருந்து.

கல்லடிக்காரன்:

தம்பி, இது எனக்குத் தேவைப்பட்ட பதில். மேலே எழுதாமல் விட்ட ஒன்று இருக்கிறது. திருத்திய பிறகு கடை பூட்டியதும் ஆர்டிசி (மெஷினுக்குள் இருக்கும் கடிகாரம்) அலாரம் வைத்து 100 தடவை தூங்கி எழும்ப விட்டேன். 73வது தடவையில் உறைந்து நின்றது. சூட்டில் நின்றிருக்கும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். இப்போது டிரைவரின் புரோகிராமைத் திறந்து பார்த்தேன், அந்த வரி இல்லை. இன்றிரவு சேர்த்துவிட்டு மறுபடி 100 விடப் போகிறேன். கரண்ட் போகாமல் இருந்தால்.